சாம்பல் நிற அம்புக்குறி

அந்தக் கார் விற்பனை நிலையத்தில் அவனை எல்லாரும் வெப்சைட் தம்பி என்றுதான் கூப்பிட்டார்கள். தம்பிக்கு நாற்பத்து மூன்று வயது. காதோரம் நரை இறங்கி மூன்று வருஷமாகியிருந்தது. பதினாறு வருஷம் ஒரு பெரிய கம்பெனியில் வேலை பார்த்து, ஒரு திங்கட்கிழமை காலையில் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தவன். அதற்குப் பிறகு வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, ஒரு பல் டாக்டருக்கும் ஒரு பூக்கடைக்கும் இணையதளம் செய்து கொடுத்தான். அவன் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். வீடு அவள் சம்பளத்தில் ஓடியது. அதை அவள் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டாததே அவனுக்கு என்னவோ போல இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் கார் நிலையத்து முதலாளியம்மா கூப்பிட்டு அனுப்பினார். அறுபதை நெருங்கியவர். அப்பா காலத்தில் புது வண்டி விற்ற இடம். இப்போது பழைய வண்டிகள் மட்டும். பன்னிரண்டு கார் நிற்கக்கூடிய கூடத்தில் ஐந்து கார் நின்றது. நடுவில் காலியாகக் கிடந்த இடத்தை மறைக்க இரண்டு பிளாஸ்டிக் செடித் தொட்டிகள். ஒரு மூலையில் கண்ணாடி அறை, அதற்குள் அவர்.

"இந்தக் கதவு ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறக்குதுன்னு எனக்கு அத்துப்படி தம்பி," என்றார். "நேத்து நாலு. அதுல ஒண்ணு தண்ணி கேன் போடுறவர். ரெண்டு நானே."

"மீதி ஒண்ணு?"

"வழி கேட்டு வந்த ஆள்."

அவர் சிரிக்கவில்லை. அவனும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பழைய இணையதளத்தைத் திறந்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் தூரத்து உறவினர் யாரோ செய்து கொடுத்தது. மேலே ஒரு பொம்மைக் கார் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருந்தது. படங்களில் பாதிக்கு எடுத்தவரின் கட்டைவிரல் விழுந்திருந்தது. ஒவ்வொரு காரின் படத்துக்கும் கீழே சிவப்பு எழுத்தில் ஒரு பத்தி.

"ஏசி கோடையில் கைவிடும்." "பின்கதவு உள்ளிருந்து திறக்காது. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அதுவும் நல்லதுதான்." "முன்பு ஓட்டியவர் ஓயாமல் புகைத்தவர். வாடை போகவில்லை, நான் முயன்று பார்த்துவிட்டேன்."

"இதெல்லாம் யார் எழுதுறது?"

"எங்க ஜட்ஜ்," என்றார் முதலாளியம்மா, ஒரு பெருமூச்சோடு.

ஜட்ஜ் என்பது பின்பக்கத்துப் பணிமனையின் தலைமை மெக்கானிக். இருபத்தேழு வருஷமாக அங்கே இருப்பவர். வண்டிக்கு அடியில் படுத்து எழுந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அவர் சொல்வதுதான் தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது. அதனால் வந்த பெயர். ஒல்லியான மனுஷன், அதிர்ந்து பேசமாட்டார். இணையதளம் எப்படி இருந்தாலும் அவருக்கு ஒன்றுமில்லை. தன் பத்தியை மட்டும் ஒரு எழுத்து மாறாமல் போட வேண்டும்.

வெப்சைட் தம்பி தன் வேலையை முறைப்படி தொடங்கினான். பழைய தளத்துக்குள் ஒரு சின்ன நிரலைப் போட்டு, வருகிறவர்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே ஓடுகிறார்கள் என்று இரண்டு வாரம் பார்த்தான். ஒளிவுமறைவே இல்லாமல் தெரிந்தது. ஆட்கள் படத்தைப் பார்த்தார்கள், விலையைப் பார்த்தார்கள், சிவப்பு எழுத்துக்கு வந்ததும் கிளம்பிவிட்டார்கள். நூற்றுக்கு எழுபத்தொரு பேர் அந்த இடத்திலேயே பக்கத்தை மூடினார்கள்.

அந்தக் கணக்கை வரைபடமாகப் பார்த்த முதலாளியம்மா, "அப்ப அதை எடுத்துடுங்க," என்றார்.

ஏதோ ஒரு உதிரிப் பாகத்துக்குக் கையெழுத்து வாங்க வந்த ஜட்ஜ் கண்ணாடி அறையின் வாசலில் நின்றிருந்தார். "எழுத்தை எடுத்தா நானும் கிளம்பிடுறேன்மா," என்றார். மிரட்டல் மாதிரியே இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரல். கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனால் பணிமனை படுத்துவிடும் என்று முதலாளியம்மாவுக்குத் தெரியும். இருவரும் தம்பியின் முகத்தைப் பார்க்கும் நிலைமை வந்தது. ஒரு வருஷமாக யாரும் அவனிடம் யோசனை கேட்டதில்லை. அவன் இரண்டு நாள் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான்.

மூன்றாம் நாள் அவன் காட்டியது எல்லாருக்கும் பிடித்தது. ஜட்ஜின் பத்தி ஒரு எழுத்து மாறாமல் இருந்தது. ஆனால் பக்கத்தின் கடைசியில், இதே விலையில் வேறு வண்டிகள், கடைக்கு வரும் வழி, எல்லாம் தாண்டிய பிறகு, 'பணிமனைக் குறிப்புகள்' என்று ஒரு வரி. பக்கத்தில் ஒரு குட்டி அம்புக்குறி. அதைத் தொட்டால் பத்தி விரியும். தொடாவிட்டால் வரி மட்டும்தான். பின்னணி வெளிர் சாம்பல், எழுத்து அதைவிடக் கொஞ்சம் அழுத்தமான சாம்பல்.

முதலாளியம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் மங்கலாக்க முடியுமா?"

மங்கலாக்கினான்.

"இன்னும் கொஞ்சம்."

ஆக்கினான்.

"இருக்கணும், ஆனா இருக்கிற மாதிரி இருக்கக் கூடாது," என்று சொல்லி அவர் முதல் தடவையாகச் சிரித்தார். அவனும் சிரித்தான். பல மாதங்களுக்குப் பிறகு ஒரு வேலை கைக்குள் படிந்து வந்த சந்தோஷம் அவனுக்கு.

அன்று சாயங்காலம் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் அதைச் சொன்னான். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை, யாரிடமும் பொய்யும் சொல்லவில்லை என்றான்.

"மருந்துப் பெட்டிக்குள்ள எட்டா மடிச்சு ஒரு தாள் வைக்கிறாங்களே, அது மாதிரியா?" என்று கேட்டாள்.

"அதே மாதிரிதான்."

"அதை யாரும் பிரிக்கிறதே இல்லைங்க."

"பிரிக்கிறதும் பிரிக்காததும் அவங்க இஷ்டம்."

அவள் ஒரு தலையணை உறையை உதறி மடித்தாள்.

புதுத் தளம் வந்த முதல் மாதமே கதவு ஒரு நாளைக்குப் பதினொரு தடவை, பதினைந்து தடவை திறந்தது. ஒவ்வொரு காரையும் அவனே விடியற்காலை வெளிச்சத்தில் ஈரத் தரையில் நிறுத்திப் படம் எடுத்திருந்தான். பழைய வண்டிகள் குளித்துவிட்டு வந்தவை மாதிரி நின்றன. பிளாஸ்டிக் செடித் தொட்டிகள் பின்பக்கம் போயின. விற்பனைக்குப் புதிதாக இரண்டு பேரைச் சேர்த்தார்கள். தளத்தைப் பராமரிக்கிற வேலையும் அவனுக்கே வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'வடிவமைப்பு' என்று போட்டு அவன் தன் தொலைபேசி எண்ணைச் சேர்த்துக்கொண்டான். நாலு பேர் பார்த்துக் கூப்பிடட்டும் என்றுதான்.

ஒரு நாள் மதியம் ஜட்ஜ் தன் போனை நீட்டிக்கொண்டு வந்தார். "நான் எழுதினதை எங்க தம்பி வெச்சிருக்கே? நானும் மேல கீழ தேய்ச்சுப் பாத்துட்டேன்."

"இதோ இருக்குண்ணே." தம்பி அவர் விரலைப் பிடித்து அம்புக்குறியில் வைத்தான். எண்ணெய் படிந்த விரலை போன் கண்டுகொள்ளவில்லை. மறுபடி அழுத்தியதும் பத்தி விரிந்தது.

"ஓ. இங்கயா." ஜட்ஜ் தன் வரிகளை வாயசைத்து முழுவதும் படித்தார். "இருக்கு, சரி," என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போகிற வழியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று தம்பி காத்திருந்தான். அவர் பணிமனைக்குள் போய்விட்டார்.

ஐந்து மாதம் கழித்து ஒரு புதன்கிழமை காலை அவனுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண்ணின் குரல்.

"கார் வெப்சைட்டுக்குக் கீழ உங்க நம்பர் இருந்தது. செஞ்சது நீங்கதானா?"

"ஆமாங்க. உங்களுக்கும் ஏதாவது செய்யணுமா?"

"ஒரு வரி எங்க இருக்குன்னு காட்டணும். நேர்ல வர முடியுமா?"

அவர் இருந்தது மூன்றாவது மாடியில். கதவைத் திறந்த பெண்ணுக்கு இவன் வயதுதான் இருக்கும். காதில் ஒரு பென்சில். மேஜை முழுக்க அச்சடித்த தாள்கள், ஓரங்களில் சின்னச் சின்னத் திருத்தக் குறிகள். ஓர் அச்சகத்துக்குப் பிழை திருத்துகிறவர். ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் அவர் கணவர் உட்கார்ந்திருந்தார். தலையின் ஒரு பக்கம் முடி இப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. இவனைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, "சாவி," என்றார்.

"தண்ணி கேக்குறார்," என்று சொல்லி அந்தப் பெண் எடுத்துக் கொடுத்தார். "எல்லாத்துக்கும் அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் வருது. அடி பட்டதுல இருந்து."

வெள்ளி நிறச் சின்னக் கார். இரண்டு மாதத்துக்கு முன்னால் வாங்கியிருக்கிறார்கள். பாலத்திலிருந்து இறங்கும்போது மழை. முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. கணவர் பிரேக்கை அழுத்தினார். வண்டி நேராக நிற்காமல் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கம்பத்தில் மோதியது. பக்கத்து இருக்கையில் இருந்த இந்தப் பெண்ணுக்கு இரண்டு விலா எலும்பு போனதோடு சரி.

"கடைக்குப் போய்க் கேட்டேன். எல்லாம் வெப்சைட்ல போட்டிருக்கோம், படிச்சேன்னு நீங்க கையெழுத்தே போட்டிருக்கீங்கன்னாங்க. வாங்குறப்ப நான் கேள்வி கேட்ட நேரமெல்லாம் கடைப் பையன், வெப்சைட்ல இருக்கு மேடம்னுதான் சொன்னான். வண்டியை வித்துட்டாங்க, ஆனா பக்கம் இன்னும் இருக்கு. நான் நேத்து ராத்திரி வரைக்கும் பாத்தேன். எனக்குத் தெரியல." அவர் போனை அவனிடம் நீட்டினார்.

அவன் கீழே தள்ளினான். வேறு வண்டிகளைத் தாண்டி, வரும் வழியைத் தாண்டிப் போய் அம்புக்குறியைத் தொட்டான். பத்தி விரிந்தது. போனை அவரிடம் திருப்பிக் கொடுத்தான். அவர் வழக்கம்போலக் காதிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு படித்தார்.

"முன்னால் மோதி நிமிர்த்திய வண்டி. வேகத்தில் பிரேக்கை அழுத்தினால் இடது பக்கம் இழுக்கும். அடிச்சட்டத்தை மாற்றாமல் இது சரியாகாது. மாற்றாமல் வெளியே விடக் கூடாது என்பது என் கருத்து."

இரண்டு தடவை படித்தார். "நல்லா எழுதியிருக்கார்," என்றார். "ஒரு பிழை இல்ல."

அவன் மேஜைத் தாள்களின் ஓரத்திலிருந்த திருத்தக் குறிகளைப் பார்த்தான்.

"எழுத்தைத் தேடிப் பிடிக்கிறதுதான் சார் என் வேலை. ஒரு புள்ளி விட்டுப் போனாலும் கண்ணு அங்க போய் நின்னுடும். இது எப்படி எனக்குப் படாம போச்சு? நான் சரியா பாக்கலையா, இல்ல படாத மாதிரி இருந்துதா? அதை மட்டும் தெரிஞ்சுக்கணும்னுதான் உங்களைக் கூப்பிட்டேன்."

"பாக்குறது கொஞ்சம் கஷ்டம்தான் மேடம்," என்றான். அதற்கு மேல் சொல்லத் தைரியம் வரவில்லை. வேறு வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்தான்.

அந்தப் பெண் நுகர்வோர் நீதிமன்றத்தில் புகார் கொடுத்தார். கடை வக்கீலுக்கு ஒரு கடிதம் தேவைப்பட்டது. முதலாளியம்மா அவனைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து டீ வரவழைத்தார். அவரும் சரியாகத் தூங்கியவர் மாதிரி இல்லை.

"குறிப்பு முதல் நாள்லேர்ந்து பக்கத்துல இருந்துதுன்னு எழுதிக் கொடுங்க. அது உண்மைதானே தம்பி?"

உண்மைதான். அவன் இரண்டு பத்தியாக எழுதிக் கொண்டுபோனான். முதல் பத்தியில் அவர் கேட்டது. இரண்டாவதில் ஒரு கணக்கு: அந்த வெள்ளிக் காரின் பக்கத்தை, வண்டி விற்கும்வரை பார்த்தவர்கள் நாலாயிரத்து முந்நூற்று ஆறு பேர், அம்புக்குறியைத் தொட்டது ஒன்பது முறை.

வக்கீல் பேனாவை இரண்டாவது பத்தியின்மேல் வைத்தார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும் சார். கேக்காததைச் சொல்லி ஏன் குழப்பணும்?"

முதலாளியம்மா அவனைப் பார்க்காமல் கூடத்தைப் பார்த்தார். கூடத்தில் பன்னிரண்டு காரும் நின்றன. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒரு குடும்பத்துக்குக் கதவு திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். பராமரிப்பு வேலை, இதைப் பார்த்துப் பேச்சுவார்த்தையில் இருக்கிற இன்னும் இரண்டு கடைகள், வீட்டில் கொஞ்ச நாளாகத் திரும்ப வந்திருக்கிற சிரிப்பு, எல்லாம் அவன் மனதில் ஓடின. இரண்டாவது பத்தியை எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

விசாரணை நாளில் ஜட்ஜ் யாரும் கூப்பிடாமலே வந்தார். வேலையிலிருந்து நின்றுவிட்டுத்தான் வந்திருந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார், நகக்கண்ணில் மட்டும் கறுப்பு போகவில்லை. அந்தப் பெண்ணுக்காகச் சாட்சி சொல்கிறேன் என்றார்.

"அந்த வண்டியை விடக் கூடாதுன்னு நான் எழுதினேன். நாலு பேர் படிக்கணும்னுதான் எழுதினேன்."

கடை வக்கீல் எழுந்தார். "எழுதினீங்க. எழுதினது பக்கத்துல வந்துது. உங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நன்றி. உட்காருங்க."

ஜட்ஜுக்கு என்ன நடந்தது என்று உடனே புரியவில்லை. இன்னும் சொல்ல இருக்கிறது என்பது மாதிரி நின்றுகொண்டே இருந்தார். காவலர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் உட்கார்ந்தார். பின்வரிசையில் இருந்த வெப்சைட் தம்பி குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். புகார் தள்ளுபடியானது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் ஜட்ஜ் அவனைக் கடந்து போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். "வரேன் தம்பி," என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு அவனுக்கு வேலை ஓடவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னாலிருந்து பாதியில் எழுந்துவிடுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி கேட்டாள், "ஒன்பது தடவை தொட்டாங்கன்னு சொன்னீங்களே. அந்த ஒன்பது யாரு?"

"மூணு நானே. வேலை செய்யுதான்னு பாத்தது. ஒண்ணு ஜட்ஜண்ணன், அன்னைக்கு போனை நீட்டினப்ப."

"மத்த அஞ்சு பேர் வண்டியை வாங்கல."

"வாங்கல."

"அப்ப படிச்சவங்க யாருமே வாங்கல," என்றாள். "இதை வண்டி வாங்கின அந்தம்மாகிட்ட சொல்லிட்டு வாங்க. வந்த வேலை போனா போகட்டும். இப்படி நீங்க வீட்டுக்குள்ள நடக்குறதை என்னால பாக்க முடியல."

மறுநாள் காலை அவன் இரண்டு காரியம் செய்தான். முதலில் ஜட்ஜின் பத்திகளை எல்லாம் எடுத்து, படத்துக்கு நேர் கீழே, பழையபடி சிவப்பில் போட்டான். அது பதினொரு மணிவரை இருந்தது. அதற்குள் முதலாளியம்மா வேறு ஆளைப் பிடித்துக் கடவுச்சொல்லை மாற்றி, பத்திகளை அடியோடு எடுக்க வைத்துவிட்டார். போனில் கூப்பிட்டு, "நீங்களுமா தம்பி," என்றார். கோபம் இல்லை, அழுகிற குரல். இரண்டாவது காரியமாக, கணக்கை அச்செடுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனான்.

பிழை திருத்துகிறவர் தாளை வாங்கி எண்களை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"இது உங்ககிட்ட முன்னாடியே இருந்துதா?"

"இருந்தது."

"விசாரணை அன்னைக்கு?"

"அன்னைக்கும் இருந்தது."

அவர் தாளை ஒரு கோப்புக்குள் வைத்தார். "மேல்முறையீடு பண்ணுவேன். வந்து சொல்வீங்களா?"

"சொல்றேன்."

"இப்ப போங்க," என்றார்.

மேல்முறையீடு வர ஒன்றரை வருஷம் ஆனது. அவனைச் சாட்சிக் கூண்டில் நிற்க வைத்தார்கள். இந்தத் தடவை அந்தப் பெண்ணின் வக்கீல்தான் கேட்டார். வயதில் மிகச் சின்னவர், கேள்வியை எழுதி வைத்துப் படித்தார்.

"அந்த அம்புக்குறிக்கு அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தது யார்?"

"நான்."

"ஏன் அந்த நிறம்?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்து அவன் பல பதில்களை யோசித்து வந்திருந்தான். தளத்தின் மற்ற நிறங்களோடு ஒத்துப்போவதற்கு. கண்ணுக்கு இதமாக இருப்பதற்கு. முதலாளி கேட்டுக்கொண்டதற்கு. எதிரே முதல் வரிசையில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தார். கணவரையும் கூட்டி வந்திருந்தார். அவர் கூரை விசிறியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் பாக்கக் கூடாதுன்னு," என்றான்.

வக்கீல் தன் தாளிலிருந்து நிமிர்ந்தார். அதற்கு அடுத்த கேள்வியை அவர் எழுதி வைத்திருக்கவில்லை.

தீர்ப்பு அந்தப் பெண்ணுக்குச் சாதகமாக வந்தது. ஆனால் அதற்கு நாலு மாதம் முன்னாலேயே கார் நிலையம் மூடிவிட்டது. விஷயம் ஊரெல்லாம் பரவிக் கதவு திறப்பதே நின்றுபோனது. முதலாளியம்மா படுக்கையில் விழுந்தார். இடம் கைமாறி, அங்கே கட்டில் மெத்தை விற்கிறார்கள். தீர்ப்பை எங்கே கொண்டுபோய் நீட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஜட்ஜ் ஊர் மாறிப் போய் மகள் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். அவன் இரண்டு தடவை போன் செய்தான், எடுக்கவில்லை.

தீர்ப்பு வந்த மறுநாள் பிழை திருத்துகிறவர்தான் கூப்பிட்டார்.

"எல்லாருக்கும் சொல்லிக்கிட்டிருக்கேன். உங்களுக்கும் சொல்லணும்ல."

"சார் எப்படி இருக்கார்?"

"போன வாரம் என் பேரைச் சொன்னார். ஒரே ஒரு தடவை. நான் அடுப்பை அணைச்சுட்டு ஓடி வந்து நின்னேன், மறுபடி சொல்லல." அந்தப் பக்கம் ஏதோ விழுந்து உருளும் சத்தம் கேட்டது. "எனக்கு உங்க மேல கோபம் போகல சார். போகும்னும் தோணல. வந்து உண்மையைச் சொன்னீங்க, அதையும் மறக்கல. ரெண்டும் இருக்கு."

"சரிங்க மேடம்," என்றான்.

"வெக்கிறேன். அவர் எழுந்து நிக்கிறார், பிடிக்கணும்."

போன் அணைந்தது. அவன் முன்னறையில் நின்றுகொண்டிருந்தான். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அன்றைக்கு அவனுக்குச் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை.